நேற்று என்ன சாப்பிட்டீர்கள்? ஏழை நாடுகளில் உணவின் தரத்தை அளக்கப் புதிதாக வருவோருக்கு

ஒரு ஊரில் யாரும் பட்டினி கிடக்கவில்லை என்பது வேறு. அந்த ஊர்ப் பெண்கள் நல்ல சாப்பாடு சாப்பிடுகிறார்கள் என்பது வேறு. மூன்று வேளையும் சோறும் நீர்த்த குழம்பும் கிடைத்தால் வயிறு நிறைந்துவிடும். இரும்புச்சத்து, துத்தநாகம், வைட்டமின் ஏ, வைட்டமின் பி12 போன்ற நுண்சத்துகள் அதில் போதிய அளவு வராது. இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதற்கு 2024இல் ஐ.நா. அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட உலக உணவு நிலை அறிக்கையே சாட்சி. அதன்படி 2023இல் பட்டினியில் இருந்தவர்கள் சுமார் 73 கோடிப் பேர். சத்தான உணவு வாங்கக் கட்டுப்படியாகாதவர்களோ, 2022 கணக்குப்படி, சுமார் 280 கோடிப் பேர்.

பட்டினிக் கணக்கு கலோரியை வைத்துப் போடப்படுவது. நாட்டில் விளைந்தது, இறக்குமதியானது, தலைக்கு எவ்வளவு வரும் என்று மேலிருந்து இறங்கி வரும் கணக்கு அது. யார் தட்டில் என்ன விழுந்தது என்பதை அது சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஒரு ஆளின் எதிரே உட்கார்ந்து கேட்கத்தான் வேண்டும். ஊட்டச்சத்து படிக்கும் மாணவர்கள், தொண்டு நிறுவனங்களில் புதிதாகச் சேர்ந்தவர்கள், முதல்முறையாக ஒரு உணவுக் கணக்கெடுப்பை நடத்தப் பொறுப்பேற்றவர்கள் ஆகியோருக்காக அந்த வேலையை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: எதைத் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள்?

கருவியைத் தேடுவதற்கு முன் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். 'இந்த வட்டாரத்துப் பெண்களுக்கு நுண்சத்துகள் போதுமான அளவு கிடைக்கின்றனவா' என்பது ஒரு கேள்வி. 'வறட்சிக்குப் பிறகு குடும்பங்களுக்குச் சாப்பாட்டுக்கு வழி இருக்கிறதா' என்பது இன்னொன்று. 'சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் வரவழைக்கிற சாப்பாடு பெருகுகிறதா' என்பது மூன்றாவது. மூன்றுக்கும் கருவி வேறு. ஒன்றுக்காகச் செய்யப்பட்ட கருவியை இன்னொன்றுக்குப் பயன்படுத்தினால் எண் வரும், பதில் வராது.

கூடவே இன்னொன்றையும் முடிவு செய்துவிட வேண்டும். அளக்கப் போவது வீட்டையா, ஆளையா? இந்தத் துறையில் மிக அதிகமாகக் குழம்புவது இங்கேதான். வீட்டில் முட்டை வாங்கினார்கள் என்பது கணக்கெடுப்பில் பதிவாகிறது. அந்த முட்டை கணவருக்கும் மகனுக்கும் போயிருக்கலாம். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடும் பெண்ணுக்குக் குழம்பு மட்டும் மிஞ்சியிருக்கலாம். குடும்பச் செலவுக் கணக்கெடுப்புகளை வைத்துச் சத்துக் கணக்குப் போடுகிறவர்கள், வீட்டுக்கு வந்த உணவை வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்றபடி ஒரு விகிதத்தில் பிரித்துக்கொள்கிறார்கள். அந்த விகிதம் உடலின் தேவையை வைத்து வந்தது. பந்தியில் நடக்கும் பாகுபாட்டை அது அறியாது. பெண்ணின் உணவுத் தரம்தான் உங்கள் கேள்வி என்றால் பெண்ணிடம்தான் கேட்க வேண்டும். அவள் தட்டைப் பற்றியே கேட்க வேண்டும்.

இரண்டாம் படி: கருவியைத் தேர்ந்தெடுத்தல்

மிகத் துல்லியமானது, வீட்டில் நாள் முழுவதும் இருந்து ஒவ்வொரு கவளத்தையும் தராசில் நிறுத்து எழுதுவது. செலவும் ஆள்பலமும் அதிகம். ஆய்வாளர் எதிரே உட்கார்ந்திருப்பதாலேயே சமையல் மாறிவிடும் ஆபத்தும் உண்டு.

அதற்கு அடுத்தது 24 மணி நேர நினைவுகூரல். நேற்று உண்டது, குடித்தது எல்லாவற்றையும் அளவோடு கேட்டு வாங்கி, உணவுச் சத்து அட்டவணையை வைத்து இரும்பு எத்தனை மில்லிகிராம், புரதம் எத்தனை கிராம் என்று கணக்கிடுவது. இந்தியாவுக்கு இதில் நீண்ட அனுபவம் இருக்கிறது. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை மையமாகக் கொண்டு 1972இல் தொடங்கிய தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பு அமைப்பு, தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களின் கிராமங்களில் வீடு வீடாகப் போய், அளவு குறிக்கப்பட்ட கிண்ணங்களைக் காட்டிக் கேட்டு எழுதியது. 2015இல் அந்த அமைப்பு மூடப்பட்டது. ஏழை எளியவர் என்ன சாப்பிடுகிறார் என்பதைப் பத்தாண்டுக்குப் பத்தாண்டு ஒப்பிடும் வாய்ப்பு அதோடு அறுந்துபோனது எனக்கு இன்றும் வருத்தம்தான். அதே நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையில் 528 உணவுகளின் விவரம் இருக்கிறது. இந்தியாவில் இந்த முறையைக் கையாளுகிறவர்களுக்கு அதுதான் அடிப்படை. பல ஏழை நாடுகளுக்கு இப்படிச் சொந்த அட்டவணை கிடையாது. பக்கத்து நாட்டு அட்டவணையை இரவல் வாங்கித்தான் கணக்குப் போடுகிறார்கள்.

புதிதாக வருகிறவர்கள் இந்த இரண்டிலும் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. அளவு கேட்காமல் வகையை மட்டும் கேட்கும் எளிய கருவிகள் இருக்கின்றன. அவற்றில் நன்கு சோதிக்கப்பட்டது 'பெண்களுக்கான குறைந்தபட்ச உணவுப் பன்முகம்' என்ற அளவுகோல். 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்கள் முந்தைய நாள் பத்து உணவு வகைகளில் எத்தனையைச் சாப்பிட்டார்கள் என்று எண்ணுவது அது. ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் எல்லையைத் தொட்டுவிட்டதாகக் கொள்வார்கள். இந்த ஐந்து யாரோ உட்கார்ந்து ஊகித்தது அல்ல. வங்கதேசம், புர்கினா ஃபாசோ, மாலி, மொசாம்பிக், பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளில் ஏற்கெனவே விரிவாக அளக்கப்பட்டிருந்த உணவுத் தரவுகளை எடுத்து, 11 நுண்சத்துகள் போதிய அளவு கிடைத்திருக்கும் வாய்ப்போடு பொருத்திப் பார்த்து வந்த எல்லை. 2025 மார்ச்சில் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் உணவுப் பன்முகத்தை நீடித்த வளர்ச்சி இலக்குகளின் குறியீடுகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. 6 முதல் 23 மாதக் குழந்தைகளும் பெண்களும் அதில் அடக்கம். ஆகவே இதைக் கற்றுக்கொள்வது இனி வரும் ஆண்டுகளுக்கும் உதவும்.

ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் பயன்படுத்தும் உணவு நுகர்வு மதிப்பெண் வேறு வகை. வீட்டில் கடந்த ஏழு நாளில் எந்த வகையை எத்தனை நாள் சாப்பிட்டார்கள் என்று கேட்டு, அந்த நாள் எண்ணிக்கையை வகைக்கு உரிய எண்ணால் பெருக்கிக் கூட்டுவார்கள்: தானியம் 2, பருப்பு 3, காய் 1, பழம் 1, இறைச்சியும் மீனும் முட்டையும் 4, பால் 4, எண்ணெய் 0.5, சர்க்கரை 0.5. ஏழு நாளும் சோறும் எண்ணெயும் சர்க்கரையும் மட்டும் சாப்பிட்ட வீட்டுக்கு 14, 3.5, 3.5 சேர்ந்து 21 வந்துவிடும். வழக்கமான எல்லையில் 'மோசம்' என்ற பிரிவின் விளிம்பு அது; கூட ஒரு நாள் காய் சமைத்தால் போதும், அந்த வீடு அடுத்த பிரிவுக்கு ஏறிவிடும். அதனால்தான் எண்ணெயும் சர்க்கரையும் தினமும் புழங்கும் இடங்களில் இந்த இரண்டு பிரிவுகளின் மேல் எல்லைகளான 21, 35 என்பவற்றை 28, 42 என்று உயர்த்திக்கொள்கிறார்கள். பஞ்ச காலத்தில் எந்த ஊருக்கு முதலில் உதவி போக வேண்டும் என்று முடிவு செய்ய இது நல்ல கருவி. பெண்ணின் உணவுத் தரத்தைச் சொல்ல அல்ல.

சர்க்கரை, பொரித்த பண்டம், குளிர்பானம், உடனடி நூடுல்ஸ் இவற்றையும் பார்க்க வேண்டுமானால் உணவுத் தரக் கேள்வித்தாள் இருக்கிறது. ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய 29 கேள்விகள், ஐந்து நிமிட வேலை. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அந்தந்த ஊர் உணவுப் பெயர்களோடு தயாராக இருக்கிறது. பத்து வகைக் கணக்கையும் அதிலிருந்தே எடுக்கலாம். நோய்க்குக் காப்பான உணவுக்கு ஒரு மதிப்பெண், நோய்க்கு வழிவிடும் உணவுக்கு ஒரு மதிப்பெண் என்று தனித்தனியாகவும் கிடைக்கும். நகர்ப்புற ஏழைகளிடையே வேலை செய்கிறவர்களுக்கு நான் இதையே சொல்வேன். அங்கே சத்துக்குறைவும் உடல் பருமனும் ஒரே வீட்டில் இருக்கின்றன. பத்து வகைக் கணக்கு முதலாவதை மட்டுமே காட்டும்.

மூன்றாம் படி: ஊரின் உணவுப் பட்டியல்

பத்து வகைகள் இவை: தானியமும் கிழங்கும்; பருப்பு, பயறு; நிலக்கடலை, எள் போன்ற கொட்டைகளும் விதைகளும்; பால், தயிர், மோர் வகை; இறைச்சி, கோழி, மீன்; முட்டை; கரும்பச்சைக் கீரைகள்; வைட்டமின் ஏ மிகுந்த மற்றக் காய்களும் பழங்களும்; இதர காய்கள்; இதர பழங்கள்.

படிக்கும்போது எளிதாகத் தெரியும். சந்தைக்குப் போனால்தான் சிக்கல் புரியும். அதனால் கேள்வித்தாளை அச்சிடுவதற்கு முன்பே சந்தைக்குப் போங்கள். விற்கிறவர்களிடமும் சமைக்கிறவர்களிடமும் பேசி, அந்தப் பருவத்தில் கிடைக்கும் ஒவ்வொரு பொருளையும் ஊர்ப் பெயரோடு எழுதி, எந்த வகையில் சேரும் என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ஆய்வாளர் களத்தில் நின்று முடிவெடுக்கும்படி எதையும் விட்டுவைக்கக் கூடாது.

நம் சாப்பாட்டையே எடுத்துக்கொண்டு பழகலாம். முருங்கைக்கீரை கரும்பச்சைக் கீரை. முருங்கைக்காய் இதர காய். பழுத்த பப்பாளியும் பழுத்த மாம்பழமும் வைட்டமின் ஏ வகை. மாங்காய் அதில் சேராது. உருளைக்கிழங்கும் வெள்ளைச் சர்க்கரைவள்ளியும் சோற்றோடு முதல் வகையில் போகும். உள்ளே ஆரஞ்சு நிறமாக இருக்கும் சர்க்கரைவள்ளி வைட்டமின் ஏ வகைக்குப் போகும். முட்டைக்கோஸ் இலைதான், ஆனாலும் இதர காய். நிலக்கடலை பருப்பு வகையில் வராது, கொட்டை வகை. நெய்யும் வெண்ணெயும் கொழுப்பு. பால் வகையில் எண்ணக் கூடாது. நாலைந்து இட்லி சாப்பிட்டவருக்கு அரிசியோடு உளுந்தும் கணக்கில் வர வேண்டும். புதிய ஆய்வாளர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்த உளுந்தைத்தான்.

அளவு கேட்பதில்லை என்றாலும் ஒரு கீழ்வரம்பு உண்டு. 15 கிராமுக்கு, அதாவது ஏறக்குறைய ஒரு மேசைக்கரண்டிக்குக் குறைவாகச் சாப்பிட்டதை எண்ணக் கூடாது. தாளிப்பில் விழுந்த கறிவேப்பிலை கீரை ஆகாது. டீயில் ஒரு கரண்டி பால் பால் ஆகாது. முழுக்கப் பாலிலேயே போட்ட டீ என்றால் வேறு கதை. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் குழம்பில் ருசிக்காகத் தூவும் மீன் தூளும் இப்படித்தான். வங்கதேசத்தில் தலையோடு முள்ளோடு முழுசாகத் தின்னும் மோலா போன்ற சின்ன மீன்களை மட்டும் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வைட்டமின் ஏ நிறைந்த மீன் அது. ஒரு கரண்டி சேர்ந்தாலே மீன் கணக்கில் வந்துவிடும்.

நான்காம் படி: யாரிடம், எத்தனை பேரிடம், எப்போது

ஒரு வீட்டில் தகுதியான பெண்கள் இரண்டு மூன்று பேர் இருந்தால் குலுக்கல் முறையில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். பேச வந்து முன்னால் உட்காருகிறவரையே எடுத்துக்கொண்டால் மாமியார்களின் சாப்பாடுதான் தரவில் நிறையும், மருமகள்களின் சாப்பாடு தெரியாது.

எண்ணிக்கைக்கு ஒரு தோராயம்: விகிதத்தை ஐந்து சதவீதப் புள்ளி முன்பின்னாக, 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல, நேரடிக் குலுக்கலில் 384 பேர் போதும். ஊர் ஊராகத் தேர்ந்தெடுத்து ஒவ்வொரு ஊரிலும் ஒரு கொத்தாக எடுக்கும்போது, ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மாதிரி சாப்பிடுவார்கள் என்பதால் அதை இரட்டிப்பாக்கி 768 என்று வைத்துக்கொள்வது வழக்கம். இரண்டு வட்டாரங்களை ஒப்பிட வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அவ்வளவு வேண்டும். ஒரு புள்ளியியலாளரைத் தொடக்கத்திலேயே கூட வைத்துக்கொள்ளுங்கள்.

நாளும் பருவமும் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எத்தியோப்பியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மரபுவழித் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் புதன், வெள்ளிக் கிழமைகளிலும், ஈஸ்டருக்கு முந்திய 55 நாள்களிலும், இன்னும் பல நாள்களிலும் இறைச்சி, பால், முட்டை தொடுவதில்லை. டெஃப் என்ற சிறுதானியத்தைப் புளிக்கவைத்துச் சுட்ட இஞ்செராவும், கொண்டைக்கடலை மாவில் காய்ச்சிய ஷிரோவும், சில வேளை கீரையும்தான். தானியம், பருப்பு, கீரை, வெங்காயம் தக்காளி என்று நான்கு வகையோடு நின்றுபோவது எளிது. வியாழனும் சனியும் மட்டும் வீடுகளுக்குப் போகிறவருக்கு முந்தைய நாள் பெரும்பாலும் நோன்பு நாளாகவே இருக்கும். நோன்புக் காலத்தில் ஒருமுறையும் அது முடிந்த பிறகு ஒருமுறையும் அளந்தால், நடுவில் நடந்த திட்டத்தால் முன்னேற்றம் வந்தது என்று பொய்யாகத் தோன்றும். அதே நாட்டில் எல்லோரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து பகிர்ந்து உண்பதும் வழக்கம். 'வீட்டில் என்ன சமைத்தீர்கள்' என்று கேட்காமல் 'நீங்கள் எதை எடுத்துச் சாப்பிட்டீர்கள்' என்று கேட்க வேண்டிய இடம் அது.

ஆகவே வாரத்தின் ஏழு நாளும் சமமாகப் பரவும்படி களப்பணியைத் திட்டமிடுங்கள். இரண்டாம் முறை அளக்கும்போது அதே மாதத்தில் அளங்கள். மாம்பழக் காலத்தையும் அறுவடைக்கு முந்திய பஞ்ச மாதங்களையும் ஒப்பிடவே கூடாது.

ஐந்தாம் படி: கேட்கும் விதம்

இரண்டு வழி உண்டு. உணவுப் பட்டியலை வாசித்து ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை கேட்பது ஒன்று. நேற்றைய நாளை அவர் போக்கிலேயே சொல்லவைத்து, சொன்னதை வகைக்குள் போடுவது மற்றொன்று. பட்டியல் முறை வேகமானது, பயிற்சியும் குறைவாகப் போதும். கம்போடியா, எத்தியோப்பியா, சாம்பியாவில் இரண்டையும் தராசில் நிறுத்த உணவோடு ஒப்பிட்டபோது, எல்லையைத் தொட்ட பெண்களின் விகிதத்தைப் பட்டியல் முறை 16 சதவீதப் புள்ளியும், சொல்லவைக்கும் முறை 10 சதவீதப் புள்ளியும் கூட்டிக் காட்டின. இரண்டுமே கூட்டித்தான் காட்டுகின்றன. எதைத் தேர்ந்தாலும் கடைசி வரை அதையே பின்பற்றுங்கள். முதல் ஆண்டு ஒன்று, மூன்றாம் ஆண்டு மற்றொன்று என்றால் ஒப்பீடு பாழ்.

சொல்லவைக்கும் முறையில் பேச்சு இப்படிப் போகும்: "அக்கா, நேத்துக் காலையில எழுந்ததும் முதல்ல என்ன சாப்பிட்டீங்க, குடிச்சீங்க? அதுல என்னென்ன போட்டிருந்தீங்க? அதுக்கப்புறம்?" இரவு படுக்கப் போகும் வரை இப்படியே. முடிந்ததும் மறுபடி முதலில் இருந்து: "காட்டுக்குப் போற வழியில ஏதாவது? வேலை நடுவுல? பக்கத்து வீட்டுல? பிள்ளை மிச்சம் வச்சது?" இந்த இரண்டாம் சுற்று ஏன் வேண்டும் என்பதை ஒரு கற்பனை நாளில் பாருங்கள். காலையில் கேழ்வரகுக் கூழ், வெங்காயம். மதியம் சோறு, கத்தரிக்காய் சாம்பார், முருங்கைக்கீரைப் பொரியல். மாலை டீ. இரவு சோறு, ரசம். தானியம் ஒன்று, சாம்பாரில் பருப்பு தாராளமாக இருந்தால் பருப்பு ஒன்று, காய் ஒன்று, கீரை ஒன்று: நான்கு. இரண்டாம் சுற்றில், களை எடுக்கும்போது ஒரு கைப்பிடி வேர்க்கடலை தின்றதை நினைவுகூர்கிறார். ஐந்து. அந்தப் பெண் எல்லைக்கு எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை அந்தக் கைப்பிடி தீர்மானித்துவிட்டது.

எதைக் கேட்டாலும் முகத்தில் மெச்சுதலோ வருத்தமோ காட்டாதீர்கள். 'கீரை சாப்பிட்டீங்களா, நல்லது' என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அடுத்த கேள்விக்கும் நீங்கள் விரும்பும் பதில்தான் வரும். உங்கள் நிறுவனம் அந்த ஊரில் காய்கறி விதை கொடுத்திருந்தால் இது இன்னும் கூடும். விதை கொடுத்தவரிடமே காய் சாப்பிடவில்லை என்று யார் சொல்வார்? முடிந்தால் திட்டத்தோடு தொடர்பில்லாத ஆள்களைக் கேட்க அனுப்புங்கள். மாமியாரும் அண்டை வீட்டாரும் சுற்றி நிற்கும்போது கேட்காதீர்கள். நேற்று ஒரே வேளைதான் சாப்பிட்டேன் என்று சொல்வது அவருக்கு மானப் பிரச்சினை. அதைத் தனிமையில், சம்மதத்தோடு, விருப்பமில்லையென்றால் மறுக்கலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

ஆறாம் படி: எண்ணுவதும் எழுதுவதும்

வகைக்கு ஒன்று என்று பத்துக்குக் கூட்டுங்கள். மூன்று காய் சாப்பிட்டாலும் காய் வகைக்கு ஒன்றுதான். எண்ணெய், சர்க்கரை, பலகாரம், குளிர்பானம் இவற்றைக் குறித்துக்கொள்ளலாம், கூட்டலில் சேராது.

அறிக்கையில் ஐந்தைத் தொட்டவர் விகிதத்தை மட்டும் போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு வகையையும் எத்தனை சதவீதம் பேர் சாப்பிட்டார்கள் என்ற அட்டவணைதான் உண்மையில் வேலைக்கு உதவும். முட்டை ஒற்றைப்படை சதவீதத்தில் நிற்கிறதா, பழம் அறவே இல்லையா என்பது அதில்தான் தெரியும். வருமானம், தூரம், பருவம் வாரியாக அதைப் பிரித்துப் போட்டால் எதைச் செய்வது என்ற விவாதத்துக்கு அடித்தளம் கிடைக்கும்.

செய்யக் கூடாதவை சில. 60 சதவீதம் பேர் ஐந்தைத் தொட்டார்கள் என்றால் 60 சதவீதம் பேருக்குச் சத்து போதுகிறது என்று எழுதக் கூடாது. விகிதம் ஏறினால் அந்தக் கூட்டத்தின் நிலை பொதுவாக மேம்படுகிறது என்பதுவரைதான் சொல்லலாம். ஒரு பெண்ணின் ஒரு நாள் எண்ணை வைத்து அவருக்கு அறிவுரை சொல்லவோ, உதவிப் பட்டியலில் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. நேற்று மூன்றும் இன்று ஆறும் சாப்பிடுவது யாருக்கும் நடப்பதுதான். செறிவூட்டிய, அதாவது சத்துச் சேர்த்த உப்பும் அரிசியும் இந்தக் கணக்கில் தெரியாது. குழந்தைகளுக்கு வகைகள் வேறு: முன்பு ஏழில் நான்கு என்று இருந்ததை, தாய்ப்பாலையும் ஒரு வகையாகச் சேர்த்து எட்டில் ஐந்து என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் மாற்றின. பழைய அறிக்கையையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதற்கு முன் எந்தக் கணக்கு என்று பாருங்கள். 2019-21இல் நடந்த இந்தியாவின் ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் சுமார் 11 சதவீதத்தினருக்கே போதுமான உணவு கிடைத்தது என்று வந்தது. அந்த 'போதுமான' என்பதில் எத்தனை வகை என்பதோடு எத்தனை வேளை என்பதும் அடங்கும். அதை வெறும் உணவுப் பன்முக எண்ணாக எடுத்தாள்பவர்கள் பலர்.

அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எந்த மாதம் கேட்டீர்கள், பட்டியல் முறையா சொல்லவைக்கும் முறையா, டீயில் ஊற்றிய பாலை எப்படி எண்ணினீர்கள் என்பதை எழுதிவிடுங்கள். சந்தையில் தயாரித்த உணவுப் பட்டியலைப் பின்னிணைப்பாகச் சேருங்கள். அடுத்து அந்த வட்டாரத்துக்கு வருகிற குழு அதிலிருந்து தொடங்கிக்கொள்ளும். ஒவ்வொரு வகையின் சதவீத அட்டவணையை மட்டும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, பதில் சொன்ன பெண்களின் ஊருக்கே திரும்பக் கொண்டுபோய், கூட்டம் போட்டுப் படித்துக் காட்டுங்கள். ஏன் முட்டை இல்லை, ஏன் பழம் இல்லை என்பதற்கான காரணத்தை அவர்கள்தான் சொல்வார்கள். அதைக் கேட்டு எழுத ஒரு நாளை முதல் திட்ட அட்டவணையிலேயே ஒதுக்கி, அதற்கான பணத்தையும் தனியாக எடுத்து வையுங்கள்.